மஞ்ச லைட்டு பொய் சொல்லல

திண்டிவனத்துக்கு முன்னாடி வர்ற ஆத்தூர் டோல்கேட் தாண்டி ஒரு பத்து கிலோமீட்டர் போயிருப்பேன், டேஷ்போர்டுல அந்த மஞ்ச லைட் வந்துச்சு. குதிரை லாடம் மாதிரி ஒரு வளைவு, அடியில சின்னச் சின்னதா பல்லு, நடுவுல ஒரு ஆச்சரியக்குறி. நிறைய பேருக்கு அது டயர் படம்னே தெரியாது, டயரை குறுக்கால வெட்டி நேரா பாத்தா எப்படி இருக்குமோ அதைத்தான் வரைஞ்சிருக்காங்க, அடியில இருக்கற பல்லு டயரோட பட்டன், அதாவது ரோட்டைத் தொடற பகுதி. டயர்ல காத்து கம்மியானா எரியற லைட் அது. எனக்கு தெரியும். தெரிஞ்சும் நான் வண்டிய நிறுத்தல. அதைப் பத்திதான் இந்த பதிவு.

மே மாசம், அக்னி நட்சத்திரம். பெருங்களத்தூர்ல இருந்து கோவில்பட்டிக்கு, அக்கா பேத்திக்கு காதுகுத்து. வண்டில நான், வீட்டம்மா, பின்னாடி அம்மாவும் ரெண்டு பசங்களும், டிக்கி நிறைய சீர் சாமான், பித்தளை அண்டா ஒண்ணு வேற. காலைல அஞ்சரைக்கு கிளம்பணும்னு பிளான் பண்ணி ஏழு மணிக்குத்தான் கிளம்பினோம், அந்த அவசரத்துல டயர்ல காத்து பாக்கறதுங்கறது நெனப்புலயே இல்ல. முந்தின நாள் சாயங்காலம் டீசல் போடறப்போ பாத்திருக்கலாம், க்யூ பெருசா இருந்துச்சுன்னு வந்துட்டேன்.

லைட்டை பாத்தும் ஏன் நிறுத்தலன்னு கேட்டா அதுக்கு ஒரு பின்கதை இருக்கு. மூணு மாசம் முன்னாடி டயர் மாத்தி மாத்தி போடறதுக்கு, அதான் ரொட்டேஷன், ஒரு டயர் கடைக்கு போயிருந்தேன். அங்க டயரை கழட்டறப்போ உள்ள இருந்த, காத்தை அளக்கற சென்சாரை உடைச்சுட்டாங்க. உடைச்சதை சொல்லல. மறுநாள் காலைல வண்டிய ஸ்டார்ட் பண்ணினதும் இதே லைட், ஆனா ஒரு நிமிஷம் போல விட்டு விட்டு எரிஞ்சிட்டு அப்புறம் நிலையா எரிஞ்சுச்சு. கடைக்கு திரும்பி போய் கேட்டா "அது சென்சார் ப்ராப்ளம் சார், கண்டுக்காதீங்க, காத்தெல்லாம் கரெக்டா இருக்கு"ன்னு சொன்னாங்க. காத்தும் கரெக்டாத்தான் இருந்துச்சு. ரெண்டு வாரம் அந்த லைட்டோடயே ஓட்டினேன், அப்புறம் சர்வீஸ்ல விட்டு மூவாயிரத்துக்கு மேல கொடுத்து புது சென்சார் போட்டேன். அந்த ரெண்டு வாரத்துல என் மண்டைல என்ன பதிஞ்சுதுன்னா, இந்த லைட்டுன்னா சென்சார்தான், டயர் இல்ல. அதனால திண்டிவனம் கிட்ட அது மறுபடி வந்தப்போ, "சே, திரும்பவும் சென்சாரா"ன்னு வாய்விட்டே சொல்லிட்டு ஆக்சிலரேட்டர்ல இருந்து கால எடுக்காம போயிட்டே இருந்தேன். நூறு கிலோமீட்டர் ஸ்பீடு.

ஆனா ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குங்க, அன்னைக்கு நான் கவனிக்காதது அதுதான். சிஸ்டத்துலயே கோளாறுன்னா லைட் முதல்ல ஒரு நிமிஷம், ஒண்ணரை நிமிஷம் விட்டு விட்டு எரியும், அப்புறம்தான் நிலையா நிக்கும். சென்சார் பேட்டரி செத்துப் போச்சு, சென்சார் உடைஞ்சு போச்சு, சென்சார் இல்லாத சக்கரம் மாட்டியிருக்கு, இதுக்கெல்லாம் இப்படித்தான். விட்டு விட்டு எரியாம எடுத்த எடுப்புல நிலையா எரிஞ்சா அது காத்து கம்மின்னு அர்த்தம். வண்டியோட புக்லயே ஒரு பக்கத்துல இது இருக்கு. நாலு வருஷமா கையுறை வைக்கற பெட்டிக்குள்ள கிடக்கற புக், பிளாஸ்டிக் கவர் கூட பிரிக்கல. அன்னைக்கு வந்தது நிலையான லைட்.

உளுந்தூர்பேட்டை கிட்ட பசங்களுக்கு ஒண்ணுக்கு வருதுன்னு ஒரு பங்க்ல நிறுத்தினோம். இறங்கி டயரை சுத்தி வந்து பாத்தேன், நாலும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரிஞ்சுது. இதையும் சொல்லிடறேன், இப்ப வர்ற ரேடியல் டயர்ல பக்கவாட்டு கொஞ்சம் உப்பலாத்தான் இருக்கும், காத்தழுத்தம் 33 பிஎஸ்ஐ இருக்கறதுக்கும் 24 இருக்கறதுக்கும் கண்ணால வித்தியாசம் கண்டுபிடிக்கறது ரொம்ப கஷ்டம். பழைய அம்பாசிடர் காலத்துல அப்பா டயரை காலால ஒரு உதை விட்டு "காத்து இருக்கு"ன்னு சொல்வார். இந்த டயர்ல உதைச்சா ஒண்ணும் தெரியாது. எதுக்கும் பாத்துடலாம்னு காத்து பிடிக்கற இடத்துல வண்டிய விட்டேன். அந்த பையன் முன்னாடி ரெண்டும் பாத்தான், 37, 37. ஓடி வந்த சூட்டுல ஏறியிருக்கு, சரி. பின்னாடி வலது 37. பின்னாடி இடது மெஷின்ல 19ன்னு வந்துச்சு. பத்தொம்பது. மெஷின் தப்பா காட்டுதோன்னு எடுத்துட்டு மறுபடி வெக்க சொன்னேன். பத்தொம்பதேதான். அந்த டயருக்கு நேர் மேலதான் அம்மா உக்காந்திருந்தாங்க.

அப்பவாவது பஞ்சர் கடைய தேடியிருக்கணும். 33 வெச்சுட்டு, லைட் அணைஞ்சதும் நிம்மதியாகி, வெயில் ஏறறதுக்குள்ள திருச்சி தாண்டிடலாம்னு கிளம்பிட்டேன். காத்து ஏன் இறங்குச்சுன்னு ஒரு கேள்வி கேட்டிருந்தா போதும். நல்லா இருக்கற டயர்ல மாசத்துக்கு ஒரு பிஎஸ்ஐ, ஒண்ணரை பிஎஸ்ஐ தானா குறையும், ரப்பர் வழியாவே கசியும், அது இயற்கை. மத்த மூணு டயரும் சரியா இருக்கறப்போ ஒண்ணு மட்டும் பதினெட்டு குறைஞ்சிருக்குன்னா எங்கயோ ஓட்டை இருக்கு, அவ்வளவுதான். காத்து நிரப்பினா ஓட்டை அடையாது.

செங்குறிச்சி டோல்கேட், திருமாந்துறை டோல்கேட் ரெண்டும் தாண்டி, பெரம்பலூர் தாண்டினதும் லைட் மறுபடி வந்துச்சு. இந்த தடவை எனக்கு கை சில்லுன்னு ஆயிடுச்சு. பிரேக்கை அமுக்காம மெதுவா வேகத்தை குறைச்சு, இண்டிகேட்டர் போட்டு இடது ஓரம் வந்து, அம்பதுல உருட்டிக்கிட்டே போனேன். வீட்டம்மா "என்னாச்சு"ன்னு கேட்டதுக்கு "டயர்"ன்னு மட்டும்தான் சொல்ல முடிஞ்சுது. ஒரு நாலு கிலோமீட்டர்ல, பாடாலூருக்கு முன்னாடி, ரோட்டோரம் ஒரு புளியமரம், அதுல தொங்க விட்ட பழைய டயர்ல வெள்ளை பெயிண்ட்ல பஞ்சர்னு எழுதியிருந்துச்சு. அந்த எழுத்தை பாத்து அவ்வளவு சந்தோஷப்பட்டது வாழ்க்கைல அதுதான் முதல் தடவை.

கடைக்காரருக்கு அறுபது வயசு இருக்கும். கைலியும் பனியனும், தோள்ல துண்டு. வண்டிய பாத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "சென்சார் வண்டியா தம்பி?"

ஆமாண்ணேன்னேன்.

"அப்ப நல்லது. முன்னாடியே சொல்லிட்டா வால்வு பக்கம் கடப்பாறை போடமாட்டேன். சொல்லாம விட்டுட்டு அப்புறம் உடைஞ்சுட்டுதுன்னு சண்டைக்கு வர்றாங்க."

ஏசி ரூம், கம்ப்யூட்டர் வீல் அலைன்மென்ட், காபி மெஷின்லாம் வெச்சிருந்த கடைல கேட்காத கேள்விய புளியமரத்தடில கேட்டாங்க. சக்கரத்துக்குள்ளயே சென்சார் இருக்கற வண்டில அந்த சென்சார் பெட்டி வால்வோட உள்பக்கத்துலதான் ஒட்டிக்கிட்டு இருக்கும், டயரோட விளிம்பை ரிம்ல இருந்து பிரிக்கறப்போ வால்வுக்கு பக்கத்துல மெஷினையோ லிவரையோ குடுத்தா டக்குன்னு உடையும். வால்வுல இருந்து தள்ளி ஆரம்பிச்சா ஒண்ணும் ஆகாது. எந்த கடைக்கு போனாலும், அவங்க கேக்கலன்னாலும் நாமளே முதல்ல சொல்லிடணும்.

ஜாக்கி போட்டு சக்கரத்தை கழட்டி, ஒரு பழைய பெயிண்ட் டப்பால இருந்து சோப்பு தண்ணிய தேய்ச்சு மெதுவா சுத்தினார். உள்பக்க ஓரத்துக்கு கொஞ்சம் தள்ளி, பட்டனுக்கு நடுவுல, பொங்கல் பானைல மொத நுரை வர்ற மாதிரி சின்னதா முட்டை விட்டுச்சு. கட்டை விரலால தொடைச்சு காட்டினார். தகர கூரை போட அடிக்கறாங்களே அந்த ஸ்க்ரூ. தலை ரோட்டுல தேஞ்சு தேஞ்சு புது அஞ்சு ரூபா காசு மாதிரி மின்னிக்கிட்டு இருந்துச்சு. அவ்வளவு தேயணும்னா அன்னைக்கு காலைல குத்தினது இல்ல, ரெண்டு மூணு நாளாவது இருக்கும். ஊருக்குள்ள மெதுவா ஓட்டறப்போ அது ஓட்டைய தானே அடைச்சுக்கிட்டு நின்னிருக்கு, ஹைவேல சூடும் பாரமும் ஏறினதும் விட்டுடுச்சு. இடம் பட்டன்லதான் இருக்கு, திரி போட்டு அடைச்சுட்டு கிளம்பிடலாம்னுதான் நான் நெனச்சேன். அவர் ஒத்துக்கல. "எவ்வளவு தூரம் காத்து இல்லாம ஓட்டினீங்க?"ன்னு கேட்டார். ஒரு எம்பது கிலோமீட்டர்ணேன்னு சொன்னதும் எதுவும் பேசாம டயரை ரிம்ல இருந்து கழட்ட ஆரம்பிச்சார்.

கழட்டி, டயருக்குள்ள கைய விட்டு சுத்தி தடவி, வெளிய எடுத்து உள்ளங்கைய என் முன்னாடி விரிச்சார். கருப்பா, காபித்தூள் மாதிரி நைசா ஒரு பொடி. அதுக்கு நடுவுல நூல் மாதிரி ரெண்டு மூணு ரப்பர் சுருள்.

"இது மண்ணு இல்ல தம்பி. டயர் உள்ளயே அரைஞ்சிருக்கு."

டார்ச் அடிச்சு காட்டினார். டயரோட பக்கவாட்டு சுவர் உள்பக்கம், ஒரு விரல் அகலத்துக்கு முழு வட்டமா ஒரு பட்டை. மத்த இடமெல்லாம் வழவழன்னு பளபளப்பா இருக்கு, அந்த பட்டை மட்டும் உப்புத்தாள் போட்டு தேய்ச்ச மாதிரி சொரசொரன்னு இருக்கு. ஒரு இடத்துல உள்ள இருக்கற நூல் லேசா தெரியற மாதிரி. வெளிய பாத்தா ஒரு கீறல் கிடையாது, புது டயர் மாதிரி நிக்குது.

நடக்கறது என்னன்னா, காத்து கம்மியா இருந்தா டயரோட சுவர் ஒவ்வொரு சுத்துக்கும் மடங்கி மடங்கி நிமிரும். நூறு கிலோமீட்டர் ஸ்பீடுல ஒரு கார் சக்கரம் நிமிஷத்துக்கு எண்ணூறு தடவைக்கு பக்கமா சுத்தும். எண்ணூறு தடவை மடங்கி நிமிந்தா, ஒரு கம்பிய முன்னும் பின்னும் வளைச்சுக்கிட்டே இருந்தா எப்படி கொதிக்குமோ அப்படி ரப்பர் கொதிக்கும். மேல அக்னி வெயில், கீழ கால் வைக்க முடியாத தார் ரோடு, அஞ்சு பேர் பாரம், பித்தளை அண்டா. சூட்டுல ரப்பரும் உள்ள இருக்கற நூலும் கம்பியும் ஒண்ணை விட்டு ஒண்ணு பிரிய ஆரம்பிக்கும், ஒரு கட்டத்துல டப்புனு போயிடும். பேப்பர்ல "டயர் வெடித்து கார் கவிழ்ந்தது"ன்னு வர்ற செய்திய படிக்கறப்போ காத்து ஜாஸ்தியாகி வெடிச்சிருக்கும்னுதான் இத்தனை வருஷம் நெனச்சிருந்தேன், வெயில் காலத்துல கம்மியா வெச்சா நல்லதுன்னு சொல்றவங்க இன்னைக்கும் நெறைய பேர் இருக்காங்க. தப்பு. பெரும்பாலும் காத்து கம்மியாகித்தான் டயர் சாகுது.

"இத அடைச்சு குடுத்தா நீங்க பாட்டுக்கு போவீங்க. துவரங்குறிச்சி தாண்டுமான்னு எனக்கு தெரியாது. ஸ்டெப்னி போட்டு மெதுவா போங்க, ஊர்ல புது டயர் வாங்கிக்குங்க"ன்னார். அடைச்சு குடுத்திருந்தா அவருக்கு நூறு இருநூறு ரூபா. வேண்டாம்னு சொன்ன மனுஷன். அவர் பேரை எழுத ஆசைதான், கேட்காம எழுதறது சரியில்ல.

அம்மா மரத்தடில கயித்துக்கட்டில்ல உக்காந்து எல்லாத்தையும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. ரிம்ல வால்வுக்கு உள்ள ஒட்டியிருந்த அந்த கருப்பு பெட்டிய காட்டி, "இது என்னய்யா, தீப்பெட்டி மாதிரி?"ன்னு கேட்டாங்க. அதாம்மா சென்சார், உள்ள காத்து எவ்வளவு இருக்குன்னு அளந்து ரேடியோ மாதிரி முன்னாடி சொல்லும்னு சொன்னேன். "அது அப்பவே சொல்லிருச்சுல்லா?"ன்னாங்க. ஆமாம்மா, அப்பவே சொல்லிருச்சு.

அந்த பெட்டியை பத்தி எனக்கு இப்ப ஒரு தனி மரியாதை. முப்பது கிராம் கூட வராது. உள்ள ஒரு அழுத்தம் அளக்கற சிப், ஒரு சின்ன ரேடியோ, ஒரு பட்டன் பேட்டரி, எல்லாத்தையும் பிசின் ஊத்தி மூடியிருப்பாங்க, பேட்டரிய மட்டும் தனியா மாத்த முடியாது, ஏழுல இருந்து பத்து வருஷம் போல ஓடும், தீந்தா முழு சென்சாரும் புதுசு. நம்ம ஊர் வண்டில 433 மெகாஹெர்ட்ஸ்ல பேசும். வண்டி நின்னா தூங்கும், சக்கரம் சுத்த ஆரம்பிச்சா முழிச்சுக்கும். இருட்டுல, கொதிக்கற சூட்டுல, நிமிஷத்துக்கு எண்ணூறு சுத்து சுத்திக்கிட்டே ஆத்தூர் டோல்கேட் தாண்டினதுல இருந்து அது சொல்லிக்கிட்டே வந்திருக்கு. நான்தான் அதை பொய்யின்னு முடிவு பண்ணிட்டேன்.

ஸ்டெப்னிய எடுத்தா அதுல 18 பிஎஸ்ஐ. வண்டி வாங்கினதுல இருந்து ஒரு தடவை கூட அதுல காத்து பாக்கல. அதுக்கு சென்சாரும் கிடையாது, யாரும் சொல்லவும் மாட்டாங்க. நல்லவேளை பஞ்சர் கடைலயே நின்னிருந்தோம், நடு ரோட்டுல மாட்டியிருந்தா கெட்ட டயரை கழட்டி இன்னொரு காத்து இல்லாத டயரை மாட்டியிருப்பேன். அண்ணன் அதுல காத்து பிடிச்சு, சோப்பு தண்ணி தடவி பாத்து மாட்டி விட்டார். நம்ம ஊர்ல நிறைய வண்டிக்கு இப்ப ஸ்டெப்னி கொஞ்சம் சின்ன சைஸ்லதான் குடுக்கறாங்க, மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், 80க்கு மேல போகாதேன்னு. 2020ல மத்திய அரசு விதிய மாத்தினதுல, டியூப்லெஸ் டயரும் இந்த காத்து சென்சார் சிஸ்டமும் பஞ்சர் கிட்டும் இருந்தா சின்ன வண்டிக்கு ஸ்டெப்னியே தர வேண்டாம்னு ஆயிடுச்சு. நகரத்துக்குள்ள ஓட்டறவங்களுக்கு அது சரியா இருக்கலாம். எனக்கு மனசு ஒப்பல, பக்கவாட்டுல போன டயரை எந்த கிட்டும் அடைக்காது, அதுவும் ராத்திரி நேரம் துவரங்குறிச்சி காட்டுக்கிட்ட. புதுசா வண்டி வாங்கறவங்க ஸ்டெப்னி இருக்கான்னு டிக்கிய தூக்கி பாத்துட்டு வாங்குங்க.

எழுபதுல ஓட்டி சாயங்காலம் கோவில்பட்டி போய் சேர்ந்தோம். வழில சமயபுரம் டோல்கேட் தாண்டினதும் லைட் மறுபடி வந்துச்சு, ஆனா இந்த தடவை விட்டு விட்டு எரிஞ்சு அப்புறம் நிலையா நின்னுச்சு. வீட்டம்மா பதறிட்டாங்க. இது வேற, ஸ்டெப்னில சென்சார் இல்ல, நாலாவது சக்கரத்தோட குரல் கேக்கலன்னு வண்டி சொல்லுதுன்னேன். ஒரே படம்தான், ஆனா இப்பத்தான் அதோட பாஷை எனக்கு புரிய ஆரம்பிச்சுது. இருந்தும் விராலிமலைல ஒரு தடவை, மதுரை தாண்டி ஒரு தடவை நிறுத்தி நாலையும் அளந்து பாத்துக்கிட்டேன்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. மொட்டை மாடில படுத்துக்கிட்டு இந்த லைட் எப்படி வந்துச்சுன்னு படிச்சேன். 1986லயே போர்ஷே 959ங்கற காருல இது வந்திருக்கு, ஆனா அது பணக்காரங்க வண்டி. எல்லா வண்டிக்கும் கட்டாயம் ஆனது சாவுக்கு அப்புறம். அமெரிக்கால ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டியில ஃபயர்ஸ்டோன் டயர் ஓடிக்கிட்டு இருக்கறப்போவே பட்டன் பகுதி உரிஞ்சு வந்து வண்டி உருண்டு 200க்கும் மேல பேர் செத்துப் போனாங்க. 2000 ஆகஸ்ட்ல 65 லட்சம் டயரை திரும்ப வாங்கினாங்க. டயர் செஞ்சதுல கோளாறுன்னு வண்டி கம்பெனி சொல்ல, வண்டி கம்பெனி காத்தை 26 பிஎஸ்ஐ மட்டும் வெக்க சொன்னதுதான் காரணம்னு டயர் கம்பெனி சொல்ல, பெரிய சண்டை. அந்த வருஷ நவம்பர்லயே சட்டம் போட்டாங்க, 2007 செப்டம்பருக்கு அப்புறம் செஞ்சு அங்க விக்கற எல்லா கார்லயும் இந்த லைட் கட்டாயம். ஐரோப்பால 2014 நவம்பர்ல இருந்து எல்லா புது காருக்கும். அந்த மஞ்ச லைட்டுக்கு பின்னாடி அத்தனை குடும்பம் இருக்கு. என் பசங்க ரெண்டு பேரும் பக்கத்துல தூங்கிக்கிட்டு இருந்தாங்க, அதை படிச்சிட்டு ரொம்ப நேரம் அவங்களையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

அந்த அமெரிக்க சட்டத்துல ஒரு விஷயம் இருக்கு, எல்லாரும் கண்டிப்பா தெரிஞ்சுக்கணும். கம்பெனி சொன்ன அளவுல இருந்து 25 சதவீதம் குறைஞ்சா லைட் கண்டிப்பா எரியணும்னுதான் இருக்கு. ஐரோப்பால 20 சதவீதம். அதாவது உங்க வண்டிக்கு 33னு வெச்சுக்குங்க, 25 சதவீத கணக்குன்னா ஏறக்குறைய 25க்கு வர்ற வரைக்கும் லைட் வராம இருக்கலாம். 27ல லைட் வராம போகலாம், 26லயும் வராம போகலாம். லைட் எரியலன்னா காத்து சரியா இருக்குன்னு அர்த்தம் இல்ல, ரொம்ப மோசமாகலன்னு மட்டும்தான் அர்த்தம். ஒரு மாசமா 27ல ஓட்டிக்கிட்டு இருப்போம், மைலேஜ் குறையுது, டயர் ரெண்டு ஓரமும் தேயுது, மெக்கானிக் கிட்ட இஞ்சின பாக்க சொல்லுவோம். லைட் வந்துட்டா அது முன்னறிவிப்பு இல்லங்க, ஏற்கனவே லேட்டு. அதுக்கு அப்புறம் ஓட்டற ஒவ்வொரு கிலோமீட்டரும் அந்த காபித்தூள்தான்.

மறுநாள் காதுகுத்து வீட்டுல வீட்டம்மாவோட தம்பி கிட்ட இதை சொல்லிக்கிட்டு இருந்தேன். அவன் சிரிச்சுக்கிட்டே, "அத்தான், நம்ம வண்டில அந்த பிரச்சனையே இல்ல. லைட் வந்தா ஸ்டியரிங் கீழ ஒரு பட்டன் இருக்கு, புடிச்சு அமுக்கினா அணைஞ்சுரும்"ன்னான். எனக்கு வயித்த கலக்கிருச்சு. அவன் வண்டில இருக்கறது வேற மாதிரி. அதுல சக்கரத்துக்குள்ள பெட்டி கிடையாது, ஏபிஎஸ் பிரேக்குக்காக இருக்கற வேக சென்சாரை வெச்சே கண்டுபிடிக்கும், காத்து கம்மியான டயர் கொஞ்சம் அமுங்கி சின்ன வட்டமாகும், சின்ன வட்டம் மத்ததை விட வேகமா சுத்தும், அந்த வித்தியாசத்தை பாத்து லைட் போடும். கெட்டிக்காரத்தனமான முறைதான், செலவும் கம்மி, உடையறதுக்கும் ஒண்ணும் இல்ல. ஆனா அந்த பட்டன் லைட்டை அணைக்கற பட்டன் இல்ல. "இப்ப நாலு டயர்லயும் நான் காத்து சரியா வெச்சிருக்கேன், இதையே சரியான அளவுன்னு எடுத்துக்கோ"ன்னு வண்டிக்கு நாம சொல்ற வாக்கு அது. காத்து வெக்காம அமுக்கினா கம்மி காத்தையே அது சரின்னு படிச்சுக்கும்.

"எத்தனை தடவை அமுக்கின மாப்ள?"

"ஒரு அஞ்சாறு தடவை இருக்கும் அத்தான்."

பந்தி முடிஞ்ச கையோட அவனை கூட்டிட்டு பங்குக்கு போனேன். 21, 22, 20, 22. நாலும் சேர்ந்தே குறைஞ்சிருந்துச்சு, நாலும் ஒண்ணா குறைஞ்சா இந்த முறைக்கு கண்டுபிடிக்கறது கஷ்டம், ஒப்பிட்டு பாக்க நல்ல டயர் ஒண்ணு வேணும்ல. அந்த வண்டிலதான் அவன் பொண்டாட்டியும் கைக்குழந்தையும் தூத்துக்குடி போறாங்க வாரா வாரம். அவன் முகம் மாறினதை பாத்தேன், மேல ஒண்ணும் சொல்லல. காத்து வெச்சோம், அப்புறம் அந்த பட்டனை அமுக்க சொன்னேன்.

எனக்கு கோவில்பட்டிலயே புது டயர் ரெண்டு வாங்கினேன், பின்னாடி ரெண்டுக்கும். ஒண்ணு ஏழாயிரத்து சொச்சம். ஒரு ஸ்க்ரூக்கு திரி போட்டிருந்தா நூறு ரூபால முடிஞ்சிருக்கும், திண்டிவனத்துல நிறுத்தியிருந்தா. டயர் கடைல நைட்ரஜன் போடுங்கன்னாங்க, போடல. நாம சுவாசிக்கற காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், மிச்சத்தையும் மாத்தினா கசிவு கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான், மாசாமாசம் பாக்கறவனுக்கு அது தேவை இல்ல. பங்க்ல காத்து இலவசம், அது பங்க் குடுத்தே ஆக வேண்டிய வசதி, கேட்டு வாங்குங்க.

எவ்வளவு வெக்கணும்னு கேட்டா டயர் மேல எழுதியிருக்கற நம்பரை பாக்காதீங்க, அது அந்த டயர் தாங்கற உச்சம். டிரைவர் கதவை திறந்தா தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆள் கம்மியா இருந்தா எவ்வளவு, முழு பாரம்னா எவ்வளவுன்னு ரெண்டு வரிசை. அண்டாவோட போன அன்னைக்கு நான் ரெண்டாவது வரிசைய பாத்திருக்கணும். அந்த நம்பர் டயர் ஆறின பிறகு பாக்கற நம்பர், குறைஞ்சது மூணு மணி நேரம் நின்ன வண்டி. அஞ்சாறு டிகிரி சூடு ஏறினா ஒரு பிஎஸ்ஐ ஏறும், அதனாலதான் ஓடி வந்ததும் 37 காட்டுது. அதை பாத்து காத்தை இறக்கி விடற பங்க் பையன்கள் உண்டு, விடாதீங்க, ராத்திரி ஆறினா 29க்கு போய் நிக்கும். சூட்டோட நிரப்பித்தான் ஆகணும்னா ஒரு மூணு நாலு சேத்து வெச்சு, காலைல வீட்டுல பாத்து சரி பண்ணிக்கலாம். மார்கழி மாசம் ஓசூர், பெங்களூர் பக்கம் இருக்கறவங்களுக்கு காலைல லைட் எரிஞ்சு பத்து கிலோமீட்டர் ஓடினதும் தானா அணையும், அது தானா சரியாகல, டயர் சூடாகி அளவு கோட்டை தாண்டியிருக்கு, அவ்வளவுதான், காத்து வெக்கணும்.

பங்க் மெஷினையும் முழுசா நம்ப முடியல, ஒரே டயருக்கு ரெண்டு பங்க்ல மூணு பிஎஸ்ஐ வித்தியாசம் பாத்திருக்கேன். அதனால சின்னதா ஒரு டிஜிட்டல் கேஜ், சிகரெட் சாக்கெட்ல சொருகற ஒரு பம்பு, ரெண்டும் வாங்கிட்டேன். வாங்கினதுல இருந்து மாசம் முதல் ஞாயித்துக்கிழமை காலைல, வெயில் படறதுக்கு முன்னாடி, பெரியவன்தான் கேஜ் பிடிச்சு நம்பர் சொல்லுவான், நான் எழுதிக்குவேன். வால்வு மூடிய கழட்டி தொலைச்சுடாம பாக்கெட்ல போட்டுக்கறது சின்னவன் வேலை. பிளாஸ்டிக் மூடிதான். கடைல பளபளன்னு விக்கற உலோக மூடி போட்டா வால்வோட அரிச்சு ஒட்டிக்கும், திருகினா சென்சார் தண்டோட வந்துடும்.

போன வாரம் மறுபடி ஊருக்கு கிளம்பினோம். காலைல அஞ்சு மணி, இருட்டு. நாலு டயரும் பாத்து முடிச்சு எழுந்து நிக்கறேன், 36, 36, 36, 35. அம்மா ஏற்கனவே வண்டில ஏறி உக்காந்திருந்தாங்க, கண்ணாடிய இறக்கி, "அஞ்சாவதையும் பாத்துட்டியாய்யா?"ன்னாங்க. டிக்கில சாமான் எல்லாம் அடுக்கியாச்சு. எல்லாத்தையும் இறக்கி வெச்சு, தரைப்பலகைய தூக்கி, அம்மா இறங்கி வந்து மொபைல் டார்ச் அடிக்க, ஸ்டெப்னிலயும் பாத்தேன். 31 இருந்துச்சு. பம்பை சொருகி அஞ்சு நிமிஷம் நின்னோம்.